மக்டலீன் ரீச்சரின் வெள்ளிக்கிழமை நெட்

கம்பியூட்டர் திருத்துகிறவனுக்கு ஆகாத வசனம் ஒன்று உண்டு. "நேற்று முழுக்க வேலை செய்யேல்லை தம்பி, இண்டைக்கு என்னவோ செய்யுது." இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சல் விட்ட பிறகு ஆளைக் கூட்டிவந்து, என்ன காய்ச்சல் என்று சொல் என்றால் வைத்தியர் என்ன செய்வார்? நாடியைப் பிடித்துவிட்டு ஏதோ ஒரு குளிசையைக் கொடுப்பார். நானும் அதைத்தான் செய்தேன், இரண்டு தரம். அந்தக் குற்றத்தை முதலே ஒப்புக்கொண்டுவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

வட்டுக்கோட்டைச் சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கடை. கீர்த்திகன் என்றால் தெரியாது, "கம்பியூட்டர்க்காரப் பெடியன்" என்றால் தெரியும். வயது முப்பத்தெட்டு, இன்னும் பெடியன். பழைய கம்பியூட்டர்களை வாங்கித் திருத்தி விற்பேன், வீடுகளுக்கும் போய்ப் பார்ப்பேன். மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி கஜந்தினி சொல்வாள். அது பொய். கோபம் எனக்கு நெற்றியிலேயே இருக்கிறது.

என்னிடம் கம்பியூட்டர் வாங்கியவர்களில் ஒருவர் குருநகர் மக்டலீன் ரீச்சர். ரீச்சர் என்று நான்தான் எழுதுகிறேன். எந்தப் பதிவிலும் அவர் ஒருநாளும் ரீச்சராக இருந்ததில்லை. சண்டைக் காலத்தில் கரையோரத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினொரு வருடம் தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்தவர். கரும்பலகை இருந்தால் வெண்கட்டி இருக்காது, வெண்கட்டி இருந்தால் கூரை இருக்காது. இன்றைக்கு நியமனம் வரும், நாளைக்கு வரும் என்று சொல்லிச் சொல்லியே பதினொரு வருடம் ஓடிற்று. கடைசியில் பெயர்ப்பட்டியல் வந்தது. அதில் இவர் பெயர் இல்லை. அடுத்த பட்டியல் வருவதற்குள் வயது கடந்துவிட்டது. ரீச்சர் என்று கூப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்து, பாதிப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒழுங்கையில் இப்போது அவருக்குப் பெயர் "சிமியோன்ரை மனிசி".

இந்தச் சிமியோன் அண்ணை, ரீச்சரின் கணவர், பின்னிரவிலேயே வள்ளத்தில் போய், காலை எட்டு மணிக்குக் கரைக்கு வந்து, மீனை விற்று, பத்து மணிக்கு வீட்டில் இருப்பார். அதன் பிறகு அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான். முந்நூற்றி நாலு. யாழ்ப்பாணத்தானுக்கு அந்தச் சீட்டு விளையாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. முன்பெல்லாம் நாலு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம். அவருடைய தம்பி சுபாஸ் கம்பியூட்டரில் அதை ஏற்றிக் கொடுத்த நாளிலிருந்து ஆள் தேடவும் தேவையில்லாமல் போயிற்று. கனடாவில் இருக்கிற எவனோ ஒருவனைத் தோற்கடித்துவிட்டு, தன்னந்தனியாகக் கதிரையில் இருந்து தொடையில் தட்டிச் சிரிப்பார். "கடலில இருக்கேக்கை மட்டும்தான் உந்தக் கையில சீட்டு இராது" என்பார் மக்டலீன் ரீச்சர்.

இப்படி இருக்கும்போதுதான் மெல்பேர்னிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. அங்கே சிவகௌரி என்று எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். யாழ்ப்பாணத்துப் பெடியன்களைக் கட்டிய வேற்றினத்து மருமகள்மார் மூன்று பேருக்குத் தமிழ் படிக்க ஆசையாம். ஒருத்தி கிரேக்கம், ஒருத்தி வியட்நாம், ஒருத்தி பஞ்சாப். மாமிமாரோடு ரெலிபோனில் கதைக்க வேண்டும், மாமி என்ன சொல்லித் திட்டுகிறா என்று விளங்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. சிவகௌரி ஆளை விசாரித்தபோது, மக்டலீன் ரீச்சரிடம் அந்தக் காலத்தில் படித்த ஒருவன் அங்கே இருந்து இவருடைய பெயரைச் சொல்லியிருக்கிறான். பேச்சுவார்த்தை மாசி மாதம் தொடங்கி இழுபட்டு இழுபட்டு, வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சார்த்தமாக அரை மணித்தியாலம் நடந்தது. வகுப்பு நன்றாகப் போயிற்று. கிரேக்க மருமகள் எலேனி மட்டும் இருபது கேள்வி கேட்டாளாம். ஆனி முதல் வெள்ளியிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் நேரம் பகல் ஒன்றரைக்கு வகுப்பு என்று முடிவாயிற்று. வெள்ளி பின்னேரம்தான் மூன்று மருமகள்மாருக்கும் ஓய்வு.

முதல் வெள்ளி. வைஃபை பிடித்திருக்கிறது, நெட் இல்லை.

எனக்கு ரெலிபோன் வந்தபோது நான் கோயிலில். வெள்ளிக்கிழமை நான் விரதம், கடை பூட்டு. அன்றைக்கு ஆணி கழற்றுகிற திருப்புளிகூடத் தொடுவதில்லை என்பது என் ஐயா காலத்திலிருந்து வந்த வழக்கம். ஆனாலும் பிரகாரத் தூணுக்குப் பின்னால் நின்று, "ரூட்டரை நிப்பாட்டிப் போடுங்கோ அக்கா" என்றேன். போட்டார். "வைஃபையை மறக்கச் சொல்லிப்போட்டுத் திரும்பப் பிடியுங்கோ." பிடித்தார். "கம்பியூட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ." எல்லாம் செய்தும் கம்பியூட்டர் மூலையில் அந்தச் சின்ன உலக உருண்டையைத்தான் காட்டிக்கொண்டு நின்றது. பிடித்திருக்கிறது, ஆனால் நெட் இல்லை. சந்தைக்குப் போகிற பாதை திறந்திருக்கிறது, சந்தைதான் பூட்டு.

சனிக்கிழமை காலை போனேன். நெட் பாய்ந்துகொண்டிருந்தது. "நேற்று முழுக்க வேலை செய்யேல்லை தம்பி, இண்டைக்கு என்னவோ செய்யுது." நெற்றி சுட்டது. சும்மா வந்தேன் என்று சொல்ல மனம் வராமல், வைஃபை மென்பொருளைக் கழற்றித் திரும்ப ஏற்றினேன். "இனி ஒரு பிரச்சினையும் வராது" என்றும் சொன்னேன். வாயால் கெடுகிறவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாம் வெள்ளி அதே கதை. ரீச்சர் பக்கத்து வீட்டுக் கைபேசியை வாங்கி அதில் படிப்பிக்கப் பார்த்திருக்கிறார். அந்த ஒழுங்கைக்குள் சிக்னல் ஒரு கோடு. ஒரு சொல் போனால் மூன்று சொல் நிற்கும். "வாங்கோ" என்று சொன்னால் அந்தப் பக்கம் "கோ" மட்டும் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை நான் போனபோது நெட் மறுபடியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தது. இந்த முறை வைஃபை பிடிக்கிற சின்னக் கருவியையே புதிதாக மாற்றினேன். சிமியோன் அண்ணை முற்றத்தில் வலையோடு இருந்தபடி, "அப்ப இனிச் சரியோ?" என்று கேட்டார். "சரி" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மனைவியின் வகுப்பில் இந்த மனிதனுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று ஒரு கணம் நினைத்தேன், பிறகு மறந்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மக்டலீன் ரீச்சர் பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார். கதிரையைப் போட்டேன், இருக்கவில்லை.

"தம்பி, சிவகௌரி எழுதியிருக்கிறா. நாளைக்கும் நடக்காட்டி சென்னையில ஒரு ரீச்சர் இருக்கிறாவாம், அவவிட்டைக் குடுக்கப் போறாவாம். அந்தப் பிள்ளையில பிழையில்லை. மூண்டு பேரும் வேலையால ஓடி வந்து, சும்மா வெறும் திரையைப் பாத்துக்கொண்டு இருக்கினம்."

"சனிக்கிழமை மாத்தேலாதோ அக்கா?"

"அவையளுக்கு ஏலாது. நாளைக்கு நீங்கள் வரவேணும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை அக்கா, நான்..."

"தெரியும். எனக்கும் வெள்ளிக்கிழமை எண்டால் என்னெண்டு தெரியும்." கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "பதினொரு வருசம் பாத்துக்கொண்டு இருந்தனான். இது மூண்டாவது வெள்ளி. நாலாவது வெள்ளி எனக்கு இல்லை."

வீட்டுக்குப் போய்க் கஜந்தினியிடம் சொன்னேன். "கோயிலுக்கு நான் போறன். நீங்கள் அந்த மனிசியின்ரை வேலையைப் பாருங்கோ. சாமி கோவிச்சால் நான் கதைக்கிறன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் குருநகரில் நின்றேன். ரீச்சர் கோயிலுக்கு உடுத்துகிற நீலச் சேலையில், பவுடர் பூசி, கம்பியூட்டருக்கு முன்னால் தயாராக இருந்தார். பின்னால் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. "பாடம் ஒன்று: வாங்கோ. இருங்கோ. சாப்பிட்டீங்களோ?" மேலே திகதி. இரண்டு தரம் அழித்து மூன்றாம் தரம் எழுதியிருந்தது.

முதல் முறையாக வெள்ளிக்கிழமையில் அந்தக் கம்பியூட்டரைப் பார்த்தேன். பொய் இல்லை, நெட் இல்லைத்தான். கம்பியூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லை. கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்கின்றன. ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சை. என் கைபேசியை அதே வைஃபையில் போட்டேன். அதற்கும் அதே கதிதான். அப்படியென்றால் கம்பியூட்டர் சுத்தம். நான் மாற்றிய கருவி, ஏற்றிய மென்பொருள் எல்லாம் வீண். லைன் கொடுக்கிற கொம்பனிக்கு எடுத்தேன். ஒரு பிள்ளை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உங்கட வீடு வரைக்கும் லைன் நல்லா இருக்கு அண்ணை" என்றாள். வீடு வரைக்கும் வருகிறது, வீட்டுக்குள் ஒருவருக்கும் இல்லை. என் கைபேசி டேட்டாவில் இணைத்துப் பார்த்தேன். படம் வந்தது, குரல் வரவில்லை. பேச்சுத் தமிழ் படிப்பிக்கிற வகுப்புக்குக் குரல் இல்லாமல் என்ன செய்வது? என் கடைக்கு ஏற்றிக்கொண்டு போக நேரமும் இல்லை. மணி ஒன்று ஐந்து.

ரீச்சர் சேலைக் கரையை மடித்து மடித்து விரித்துக்கொண்டு இருந்தார். எனக்கு வந்த கோபத்தில் ரூட்டரைப் பார்த்துச் சத்தமாகவே பேசினேன்.

"சனி ஞாயிறு, கிழமை நாள் எல்லாம் ஓடுது. வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் படுக்குது. என்ன, உதுவும் என்னை மாதிரி வெள்ளி விரதம் பிடிக்குதோ?"

முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த சிமியோன் அண்ணையின் கை நின்றது. எழும்பி வாசலுக்கு வந்தார்.

"தம்பி, வெள்ளிக்கிழமையில மட்டுமோ?"

"ஓம் அண்ணை. மூண்டு வெள்ளியும்."

"அப்ப... அது சுபாஸ் போட்ட பூட்டாய் இருக்குமோ?"

"என்ன பூட்டு?"

அவர் மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தபசு காலத்தில வெள்ளிக்கிழமையளில சீட்டு விளையாடுறேல்லை எண்டு ஒறுத்தல் எடுத்தனான். என்னிலை எனக்கு நம்பிக்கை இல்லை. அதுதான் சுபாஸிட்டைச் சொல்லி வெள்ளியில சீட்டுக்கு ஒரு பூட்டுப் போடுவிச்சனான். சீட்டுக்குத்தான் தம்பி. நெட்டுக்கு இல்லை."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று தெரியவில்லை. சுபாஸ் சீட்டை எங்கே பூட்டினான்? ரூட்டருக்குள் போய், வெள்ளிக்கிழமை என்றால் முழு வீட்டுக்கும் நெட் கிடையாது என்று எழுதி வைத்துவிட்டான். சீட்டு நிற்கத்தான் செய்யும், உலகமே அல்லவா நின்றுபோயிற்று! சிமியோன் அண்ணையோ நேர்மையான மனிதர். பூட்டு இருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பதும் பாவம் என்று நினைத்து, வெள்ளியில் கம்பியூட்டர்ப் பக்கமே போகவில்லை. போயிருந்தால் பங்குனியிலேயே தெரிந்திருக்கும்.

"தபசு காலம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுதே அண்ணை, ஏன் கழட்டேல்லை?"

அவர் கையில் இருந்த வலை ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ரூட்டருக்குள் போகப் பார்த்தேன். கடவுச்சொல்லைச் சுபாஸ் மாற்றியிருந்தான். சுபாஸ் வைகாசியில் கட்டாருக்குப் போய்விட்டான். நல்லகாலம், அங்கே வெள்ளிக்கிழமை லீவு. சிமியோன் அண்ணையின் பழைய பட்டன் கைபேசியை வாங்கி, சிக்னல் தேடி ஒழுங்கை வாசலுக்கு ஓடினேன். ரீச்சரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார், அவருக்குப் பின்னால் சிமியோன் அண்ணை. மூன்றாம் முறை அடித்த பிறகு நித்திரைக் குரலில் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் கேட்க வைத்தேன்.

"சுபாஸ், ரூட்டரின்ரை கடவுச்சொல் என்ன? வெள்ளிக்கிழமைப் பூட்டைக் கழட்ட வேணும், கெதியாச் சொல்லு."

சொன்னான். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப அண்ணிக்கு ரீச்சர் வேலை சரிவந்திட்டுதோ? உயிர்த்த ஞாயிறு முடியக் கழட்டவோ எண்டு கேட்டனான். மக்டலீன் ரீச்சராகுமட்டும் வெள்ளியில சீட்டுத் தொடமாட்டன் எண்டு நேர்த்தி வைச்சிருக்கிறன், பூட்டு இருக்கட்டும் எண்டு அண்ணை சொன்னவர். அண்ணிக்கு மட்டும் சொல்ல வேண்டாம் எண்டவர்."

சிமியோன் அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுபாஸ் அந்தப் பக்கம், "அலோ? பக்கத்தில ஆர் நிக்கினம்?" என்றான்.

மனிதர் நேர்த்தி வைத்தது வகுப்பு நடக்க வேண்டுமென்று. வகுப்பு நடக்காத ஒவ்வொரு வெள்ளியும், தன் நேர்த்தி போதவில்லை என்று இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். பிடிக்கப் பிடிக்க வகுப்பு எப்படி நடக்கும்? அந்த அந்தோனியாரே இறங்கி வந்தாலும் முதலில் ரூட்டரைத்தான் பார்த்திருப்பார்.

நான் உள்ளே ஓடினேன். கடவுச்சொல், பக்கம், அட்டவணை. வெள்ளிக்கு நேரே முழுநாளும் சிவப்பு. அதை எடுத்துவிட்டுச் சேமித்தேன். உலக உருண்டை மறைந்தது. மணி ஒன்று இருபத்தெட்டு. அந்தக் கணத்தில் வந்த சந்தோஷத்துக்கு நான் இன்னும் பத்து வெள்ளி விரதத்தை விடுவேன் என்று நினைத்தேன், உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மக்டலீன் ரீச்சர் வந்து கதிரையில் இருந்தார். முகத்தை ஒருமுறை துடைத்தார். திரையில் மூன்று முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"வாங்கோ, வாங்கோ, வாங்கோ" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பதினொரு வருடம் கூரையில்லாத வகுப்பில் பேசிய குரல் அது.

நானும் சிமியோன் அண்ணையும் முற்றத்தில் இருந்தோம். உள்ளே எலேனி, "சாப்பித்தீங்களோ மாமி?" என்று நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். "உம்மடை பருத்தித்துறை மாமிக்கு இந்த 'ட்' இல்லாமல் சொன்னால் சோறு கிடையாது, திரும்பச் சொல்லும்" என்று ரீச்சர் அதட்ட, மூன்று மருமகள்மாரும் சிரித்தார்கள்.

சிமியோன் அண்ணை மெதுவாகக் கேட்டார். "தம்பி, பூட்டைக் கழட்டிப்போட்டுத்தானே வகுப்புத் தொடங்கினது. அப்ப என்ரை நேர்த்தி நிறைவேறினதோ, முறிஞ்சதோ?"

"அதை ரூட்டர் காட்டாது அண்ணை. சுவாமியைத்தான் கேக்கவேணும்" என்றேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து ரீச்சர் வெளியே வந்தார். அடுத்த வெள்ளியும் இதே நேரம் என்று சிவகௌரி எழுதிவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக் கணவருக்கு முன்னால் நின்றார்.

"எத்தினை வெள்ளி?"

"பதினாறு."

"ஒருநாளும் வாயைத் திறக்கேல்லை."

"வெளியில சொன்னால் பலிக்காது எண்டு..."

"சொல்லாமல் விட்டுத்தான் மூண்டு கிழமை பலிக்கேல்லை! முதல் முதல் எனக்கெண்டு ஒரு வேலை செய்தீங்கள், அதையும் பாருங்கோ எப்பிடிச் செய்திருக்கிறீங்கள் எண்டு." திட்டத் தொடங்கியவர் பாதியில் சிரித்துவிட்டார். சிமியோன் அண்ணை சிரிக்கலாமா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது ரீச்சர் படலை வரைக்கும் வந்தார்.

"தம்பி, பட்டியல்ல என்ரை பேர் இல்லை எண்டு அறிஞ்ச அண்டைக்கு இந்த மனிசன் ஒரு சொல்லும் சொல்லேல்லை. சோத்தைத் திண்டிட்டுச் சீட்டு விளையாடப் போனவர். இத்தினை வருசமா நான் அதை மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு இருந்தனான்." கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை. "அவரும் வைச்சுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியேல்லை."

சொல்லிவிட்டுச் சோறு போட உள்ளே போனார். இரண்டு பேரும் அன்றைக்கு இன்னும் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை.